ஆறாவது சீட்டு

ஜனவரி 9

மூக்கா,

அக்காவின் அன்பு. இங்கே நானும் உன் மாமாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இருமல் விட்டதா, இல்லை அதையும் பீப்பாயில் ஊற வைத்திருக்கிறாயா?

ஒரு விஷயம் கேட்கப் போகிறேன், சிரிக்காமல் படி. பிப்ரவரி இருபத்திரண்டு, சனிக்கிழமை சாயங்காலம், ஒயின் ருசி பார்க்கும் விருந்து ஒன்று வைக்கிறேன். எங்கே என்றால், நம் வீட்டில். கூடத்து மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்காரலாம் என்று கணக்கு. பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. ஆனால் எனக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும்? கண்ணாடிக் கடையில் நிற்கிறவளுக்கு மூக்குக்கு மேலே இருப்பதுதான் தெரியும். மூக்கு உன் தொழில். எப்படிச் செய்வது என்று விவரமாக எழுது.

எழுதினால் மட்டும் போதாது, நீயும் வர வேண்டும். எட்டு வருஷம் ஆகிறதுடா.

குளிரில் காதை மூடிக்கொள்.
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. உன் முழங்கால் வலி எப்படி?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான், விஷயம்தான் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. மாமாவுக்குத் தெரியுமா இது? இந்த ஒயின் ஆலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் ஆசையாக ஒரு புட்டி கொண்டுவந்தேன். அதை வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இந்த நாத்தத்தோட இந்த வீட்டுப் படி ஏறாத. போ." அவருடைய அப்பா குடித்தே குடும்பத்தைக் கவிழ்த்தவர், அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் ஒரு நாளைக்கு நாற்பது வாய் ருசி பார்த்து நாற்பதையும் துப்புகிறவன். பத்து வயதிலிருந்து என்னை வளர்த்தவர் அதை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சரி, விருந்துக்கு வருவோம். மேசையில் வெள்ளைத் துணி விரி, அப்போதுதான் நிறம் தெரியும். பூ, ஊதுபத்தி, சென்ட் எதுவும் கூடாது. புட்டிகளின் லேபிள் தெரியாமல் எதையாவது சுற்றி எண் போடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறும் ரொட்டித் துண்டு, தண்ணீர். துப்புவதற்கு ஒரு கிண்ணம் கட்டாயம். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, தோன்றியதை எழுதச் சொல். சீட்டில் பேர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். யார் எழுதியது என்று தெரிந்தால் முகதாட்சண்யம் வந்துவிடும், ருசி போய்விடும். இது எங்கள் மேசைச் சட்டம்.

நான் வருவது பற்றி. போ என்றவர் மாமா. வா என்றும் அவர்தான் சொல்ல வேண்டும். அவர் கையால் ஒரே ஒரு வரி எழுதட்டும், அடுத்த பஸ்ஸில் இருப்பேன்.

உன் மூக்கன்

ஜனவரி 29

மூக்கா,

சுகம்தானே? முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, படி இறங்கும்போது மட்டும் உன்னைத் திட்டுகிறது.

மாமாவுக்குத் தெரியும். அவர் தடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறார். ஏதோ பல் தொந்தரவு, மென்று சாப்பிட முடியவில்லை. நாளெல்லாம் "கிளட்ச்ச மெதுவா விடு, மெதுவா விடு" என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன் இப்போது வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்பது எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

நீ கேட்ட வரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். "வீட்டுக் கதவு பூட்டியா கெடக்கு?" என்றார். அவ்வளவுதான். அவர் எழுத மாட்டார்டா. எழுதாததற்குக் கோபம் காரணமில்லை என்று மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதே. உனக்கு வீம்பு அவரிடமிருந்துதான் வந்தது, அதனால் அவரைக் குறை சொல்ல உனக்கு உரிமை இல்லை.

தேதியை மட்டும் மாற்ற முடியாது. வா.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், திராட்சைகள் உட்பட. மாமாவின் பல்லை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

அறுவடை தலைக்கு மேல் இருக்கிறது. விடிந்ததிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்குகிறது, கைவிரல் எல்லாம் கருநீலம். உண்மையைச் சொன்னால், கெஞ்சிக் கேட்டால் மூன்று நாள் லீவு கிடைக்கும். ஆனால் நான் கேட்கப் போவதில்லை. "கதவு பூட்டியா கெடக்கு" என்பது அழைப்பா அக்கா? பால்காரருக்கும்தான் கதவு பூட்டிக் கிடக்கவில்லை. விருந்தை ஏப்ரலுக்குத் தள்ளு. அதற்குள் மாமாவும் ஒரு வரி எழுதிவிடுவார். இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

தள்ள மாட்டேன் என்று நீ அடம்பிடித்தால், இதோ எங்கள் லாரி டிரைவர் அண்ணனிடம் ஆறு புட்டி கொடுத்தனுப்புகிறேன். வரிசை எண் கழுத்தில் கட்டியிருக்கிறேன், அந்த வரிசையிலேயே ஊற்று. எது என்ன ஒயின் என்று பிறகு சொல்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
மூக்கன்

பிப்ரவரி 23

மூக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாளைக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

விருந்து நடந்துவிட்டது! லேபிளை மறைக்க எதையாவது சுற்று என்றாயே, பீரோவில் இருந்த மாமாவின் பழைய சாக்ஸை மாட்டிவிட்டேன். துவைத்ததுதான்டா, முகம் சுளிக்காதே. ஆனால் அதில் அந்துருண்டை வாசனை ஏறியிருந்தது எனக்கு உறைக்கவில்லை. முதல் புட்டியை மோந்துவிட்டு எல்லோரும் யோசனையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், "எங்க பாட்டு டீச்சரோட பட்டுப்பொடவ ஞாபகம் வருது." மாடியில் இருக்கும் தையல்காரர் துப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "வாய்க்குள்ள வந்த விருந்தாளிய வெளிய தள்றதா?" என்று கேட்டு ஆறையும் விழுங்கினார். மூன்றாவதுக்கு மேல் அவருக்குப் பாட்டு வந்தது. எங்கள் கடை முதலாளியம்மா கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஏதோ லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி அரை மணி நேரம் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் மேனேஜர் தாமதமாக வந்தார்.

வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி உனக்காகப் போட்டிருந்தோம். பஸ் வருகிற நேரமெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒன்பது மணிக்கு அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

சீட்டுகள் ஆறும் இதோடு இருக்கின்றன. உன் சட்டப்படி எண் மட்டும்தான், யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றைப் பற்றியும் உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? சாக்ஸ் கதையை இங்கே ருசி மேசையில் படித்துக் காட்டினேன், எங்கள் தலைமை ருசிகாரர் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்ததைக் கிண்ணத்துக்கு வெளியே துப்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு இதுதான் முதல் தடவையாம்.

இனி தீர்ப்பு. முதல் சீட்டு தையல்காரர்தான், ஒன்றிலிருந்து ஆறுவரை "பிரமாதம்", எழுத்து மட்டும் போகப் போகச் சரிகிறது. இரண்டாவது டீச்சர். மார்க் போட்டு, ஐந்தாவது புட்டிக்கு "இன்னும் முயற்சி தேவை" என்று சிவப்பு மையில் எழுத வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றாவது நீ. "நல்லாருக்கு, ஆனா துவர்க்குது, ஆனா நல்லாருக்கு." நாலும் ஐந்தும் தேறும்.

ஆறாவது ஆள் யார் அக்கா? மேனேஜர் யாரையாவது கூட இழுத்துக்கொண்டு வந்தாரா? ஆறு புட்டிக்கும் ஒரே வார்த்தை, "எரிகிறது". ஒயின் எரியாது. வாயில் மிளகாயை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் எரியும். நாலாவதுக்கு மட்டும் "எரிகிறது. துப்பவில்லை" என்று எழுதியிருக்கிறார், பெரிய சாதனை போல! அந்த நாலாவது எது தெரியுமா? நானே கலந்தது. எட்டு வருஷத்தில் என் கைக்கு விட்டுக் கொடுத்த முதல் பீப்பாய். உங்களுக்குச் சொல்லாமல் நடுவில் வைத்திருந்தேன். அதைப் போய் எரிகிறது என்கிற ஆளுக்கு ஊற்றியதற்கு வாசல் செடிக்கு ஊற்றியிருக்கலாம். அடுத்த தடவை இந்த ஆளை வீட்டுக்குள் சேர்க்காதே.

மாமா அன்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். பல் சரியாயிற்றா?

மூக்கன்

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்படி நீ இருந்ததே இல்லை. நான் வராததற்குக் கோபமா? ஆபீஸ் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோபம் என்றால் திட்டியாவது எழுது. உன் திட்டு இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

மாமாவையும் கேட்டதாகச் சொல்.
மூக்கன்

ஏப்ரல் 27

தம்பி,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதைத் தனியாக இருக்கும்போது படி.

மாமாவுக்கு வந்தது பல் தொந்தரவு இல்லை. நாக்கில் புற்றுநோய். டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன். நாக்கில் பாதிக்கு மேல், தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். விருந்து நடந்த கதையை நான் உனக்கு எழுதியபோது ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை என் காலடியில் இருந்தது.

விருந்து என் யோசனை இல்லை. அவருடையது. ஆபரேஷனுக்குப் பிறகு ருசி தெரியாது, பேச்சும் வருமோ வராதோ என்று டாக்டர் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம், "அவன் தொழில நான் ஒரு நாளாவது வாயில வச்சுப் பார்த்தேனா? பார்க்காமலே தொரத்திட்டேனே" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன், வீட்டுக்கு ஆறு கிளாஸ் தேடி வாங்கி வந்தவரும் அவர்தான்.

உன்னிடம் நோயைச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "பாவப்பட்டு வர வேணாம். அவனா வரட்டும்." அந்த ஒரு வரியையாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். "எழுதறதா? போன்னு சொன்னது இந்த வாய். வாசல்ல நின்னு இந்த வாயாலயே வான்னு சொல்லணும். இருக்கும்போதே சொல்லிடணும்" என்றார். வாசலைப் பார்த்த நாற்காலி உனக்கு என்று எழுதினேனே, அதன் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவர். ஒன்பது மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது சீட்டு அவருடையது, கையெழுத்து உனக்குத் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினார். அப்போது அவருக்குத் தண்ணீர் பட்டாலே எரியும். ஒவ்வொன்றையும் வாயில் வைத்தார், கண்ணில் நீர் வந்தது, துப்பினார். நாலாவதை மட்டும் விழுங்கினார். ஏன் என்று கேட்டேன். "தெரியல, இத துப்ப மனசு வரல" என்றார்.

உன் மார்ச் கடிதத்தை டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். படி படி என்று கையைக் காட்டினார். ஆறாவதை விட்டுவிட்டுப் படித்தேன். கண்டுபிடித்துவிட்டார், பிடுங்கிப் படித்தார். நான் அழுதேன். அவர் சிலேட்டை எடுத்து, "சரியாத்தான் எழுதியிருக்கான். ஒயின் எரியாதாம்" என்று எழுதினார்.

நீ யாரை வீட்டுக்குள் சேர்க்காதே என்று எழுதினாய் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தது நான். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை.

அக்கா

மே 4

அக்கா,

நீ நலமா, அவர் நலமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் கிழி. என்ன திமிர் எனக்கு! நாலு வருஷம் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனுஷனிடம் ஒரு வரி எழுது, ஒரு வரி எழுது என்று பேரம் பேசியிருக்கிறேன். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை அக்கா. கேட்கவே இல்லை.

பதினெட்டாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். வருகிறேன்.

தம்பி

மே 13

மூக்கா,

உடம்பை வருத்திக்கொள்ளாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ வருவதை அவரிடம் சொன்னேன். முகத்தை டவலால் மூடிக்கொண்டார். பிறகு சிலேட்டில் எழுதினார். அப்படியே எழுதுகிறேன்: "இப்ப வேணாம். பேச்சு வரட்டும். வந்ததும் நானே கூப்பிடறேன். வாசல்ல நின்னு சொல்லணும்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். அம்மா, தண்ணி, வலி என்று தேவையான வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்கிறாள். இவர் எதையும் சொல்ல மாட்டார். அவள் போன பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரே வார்த்தையைப் பழகுகிறார். நான் வெளியே துணி மடிக்கிற மாதிரி நிற்பேன். உதடு ஒரு பக்கம் கூடுவதில்லை, காற்றுத்தான் வருகிறது. ஆனாலும் விடுவதில்லை. கிளட்ச் விடத் தெரியாதவர்களுக்கு இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா, பொறுமை இருக்கிறது.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்த ஒரு ஆசையையாவது அவருக்கு விட்டுக்கொடுப்போம். டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மருந்து விஷயம்தான்.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். பையை மட்டும் அவிழ்க்கவில்லை, கட்டில் ஓரமாகவே வைத்திருக்கிறேன். மாமா சொன்னதை நான் கேட்டதே இல்லை என்பார் அல்லவா, இந்தத் தடவை கேட்கிறேன் என்று சொல். அவசரப்படுத்தாதே. எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும், நான் எங்கே போய்விடப் போகிறேன்? அவர் கூப்பிடும்வரை காத்திருக்கிறேன்.

இப்போது எந்த அளவுக்கு வருகிறது என்று மட்டும் எழுது.

மூக்கன்

ஆகஸ்ட் 3

மூக்கா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அட்டை வந்தது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் ராத்திரி துணைக்கு வந்து படுக்கிறாள்.

ஜூலையில் உன் ஆபீஸுக்குப் போன் போட்டேன், நீ அன்றைக்கே கிளம்பினாய். ஆனாலும் நீ வந்து சேர்ந்தபோது அவர் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. பத்து நாள் என்னோடு இருந்தாய். ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. பஸ் ஏறும்போதுதான் கேட்டாய், "மாமா சொன்னாராக்கா?" என்று. நான், "சொன்னார்டா, கடைசி நாள் காலையில, தெளிவா வந்துச்சு" என்றேன். நீ கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாய், பஸ் போய்விட்டது.

அது பொய்.

மே மாதம் டாக்டர் என்னைக் கூப்பிட்டது மருந்துக்காக இல்லை. நோய் தொண்டைக்கு இறங்கிவிட்டது, இரண்டு மூன்று மாதம்தான் என்றார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட மாமா, அதையும் உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். "தெரிஞ்சா ஓடி வந்துடுவான். நான் கூப்பிட்டு வரணும்" என்று எழுதினார். முதல் தடவை அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன், நீ வரவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டேன், நீ வரவில்லை. உன் ஜூன் கடிதம், எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும் என்று எழுதியிருந்தாயே, அதை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். எழுதவில்லை. நீ லீவு கேட்காததை நினைத்து உன்னைத் தின்றுகொண்டிருக்கிறாய். என் கணக்கு அதைவிடப் பெரிது.

கடைசி நாள் காலையில் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டு, வாசல் பக்கம் திருப்பி உட்கார வைக்கச் சொன்னார். முயன்றார். காற்று வந்தது, எச்சில் வந்தது, துடைத்தேன். திரும்பவும் முயன்றார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. பார்க்க முடியாமல், "வந்துடுச்சுங்க, எனக்கு நல்லா கேட்டுச்சு" என்றேன். என் முகத்தையே பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு முயலவில்லை.

அவரிடம் சொன்ன அதே பொய்யைத்தான் உன்னிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ நம்பினாய். நம்பிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் உன்னிடம் மூன்றாவது தடவையும் மறைக்க என்னால் முடியவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்.

இந்த வீட்டில் உன்னைக் கூப்பிட இனி நான் ஒருத்திதான். வா. நான் கூப்பிடாவிட்டாலும் வா.

அக்கா